எந்நேரமும் பசிக்கிற பிள்ளைக்கு என்ன கொடுப்பது?

(மலைப்பகுதி வேளாண் குடும்பங்களுக்கான வானொலிப் பேச்சின் எழுத்து வடிவம்)

வழக்கமாக இந்த நேரத்தில் பயிரைப் பற்றிப் பேசுவோம். எந்தப் பட்டத்தில் விதைக்கலாம், எவ்வளவு உரம் போடலாம், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று பேசுவோம். இன்றைக்கு நம்ம வீட்டுக்குள்ளே வளர்கிற பயிரைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பன்னிரண்டு வயசிலிருந்து பதினெட்டு வயசு வரைக்கும் இருக்கிற பிள்ளைகளைத்தான் சொல்கிறேன்.

சித்தேரி மலையிலே எந்த ஊருக்குப் போனாலும், சித்தேரி ஆகட்டும், பேரேரி ஆகட்டும், சூரியக்கடை, கலசப்பாடி ஆகட்டும், இந்த வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டில் ஒரே பேச்சுத்தான். "காலையிலே களி தின்னுட்டுப் போனான். மத்தியானம் பள்ளிக்கூடத்திலே சாப்பிட்டான். சாயந்தரம் வந்ததும் பானையை உருட்டுறான். ராத்திரி தட்டு நிறையச் சோறு தின்னுட்டு, படுக்கப் போறப்ப 'இன்னும் ஏதாச்சும் இருக்காம்மா'ங்கிறான். இது வயிறா, குதிரா?" என்று கேட்காத தாய் இல்லை.

அம்மா, அது குதிர் இல்லை. அது வளர்கிற உடம்பு. பிறந்த குழந்தை முதல் வருஷத்திலே எப்படிக் கிடுகிடுவென்று வளருமோ, அதற்கு அடுத்தபடியாக மனுஷ உடம்பு வேகமாக வளர்வது இந்த வயசிலேதான். பெண் பிள்ளைகள் கொஞ்சம் முன்னாலேயே வளர ஆரம்பித்துவிடும். ஆண் பிள்ளைகள் ஒண்ணு ரெண்டு வருஷம் கழித்து ஆரம்பிப்பார்கள். எலும்பு நீளுது, சதை கூடுது, ரத்தம் கூடுது. பயிர் தூர் கட்டி, கதிர் வாங்குகிற சமயத்திலே தண்ணி கேட்கிறதில்லையா? அதுபோல உடம்பு கேட்கிறது. அந்தச் சமயத்தில் தண்ணி விடாமல், அறுவடைக்கு முன்னால் ஒரு ஏரித் தண்ணியைத் திறந்துவிட்டாலும் விட்டுப்போன மணி பிடிக்காது. பிள்ளைகள் விஷயமும் அப்படித்தான். இருபது வயசுக்கு மேலே எவ்வளவு ஊட்டினாலும் இந்த வயசில் விட்டுப்போன உயரம் திரும்பி வராது.

எவ்வளவு தேவை?

புரதம், புரதச்சத்து என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். சதையும் ரத்தமும் கட்டுவதற்கு வேண்டிய சத்து அது. வீடு கட்டச் செங்கல் மாதிரி. அரிசி, கிழங்கில் இருக்கிற மாவுச்சத்து வேலை செய்கிற ஆளுக்குக் கூலி மாதிரி. கூலி மட்டும் கொடுத்துச் செங்கல் வாங்காமல் விட்டால் சுவர் எழும்பாது.

ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. 1918-ல் நம்ம குன்னூரில்தான் அது சின்னதாக ஆரம்பித்தது; 1958-ல் ஐதராபாத்துக்குப் போயிற்று. நம்ம நாட்டு மக்களுக்கு எந்த வயசில் எவ்வளவு சத்து வேணும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறவர்கள் அவர்கள்தான். 2020-ல் அவர்கள் வெளியிட்ட கணக்குப்படி, 13 முதல் 15 வயசுவரை பையனுக்கு நாளொன்றுக்கு 45 கிராம், பெண்ணுக்கு 43 கிராம் புரதம் வேணும். 16 முதல் 18 வயசில் பையனுக்கு 55 கிராம், பெண்ணுக்கு 46 கிராம்.

இப்போ நம்ம சாப்பாட்டைக் கணக்குப் பார்ப்போம். 100 கிராம் அரிசியில் புரதம் சுமார் 7 கிராம். கேழ்வரகிலும் அதே 7 கிராம்தான். ஒரு பிள்ளை நாள் முழுக்க 300 கிராம் தானியம் சாப்பிட்டாலும் 21 கிராம் ஆச்சு. மேலே ஊற்றுகிற தண்ணிக் குழம்பு, ரசத்தில் பெரிசாக ஒன்றும் இல்லை. ஆகக்கூடி, வயிறு நிறைந்தும் பாதிக்குப் பாதி செங்கல் குறையுது. அதனால்தான் ஒரு தட்டுச் சோறு தின்ற பிள்ளை ஒரு மணி நேரத்தில் மறுபடியும் பானையை உருட்டுகிறான். வெறும் மாவுச்சத்து சீக்கிரம் கரைந்துவிடும். புரதமும் நாரும் உள்ள பண்டம் வயிற்றில் மெள்ளக் கரையும், பசி தாங்கும்.

பள்ளிக்கூடச் சாப்பாடு எதுவரைக்கும்?

நம்ம மாநிலத்திலே பள்ளிப் பிள்ளைக்குச் சோறு போடுகிற நல்ல காரியம் வெகுநாளாக நடக்கிறது. 1956-ல் காமராசர் காலத்தில் மதிய உணவு வந்தது. 1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கினார். 1984-லிருந்து பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. பிறகு முட்டை சேர்ந்தது, பயறு சேர்ந்தது. 2022 செப்டம்பரில் ஒண்ணாவது முதல் அஞ்சாவது வரைக்கும் காலைச் சிற்றுண்டியும் வந்தது.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனிக்கணும். சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பதினொண்ணாவது, பன்னிரண்டாவது படிக்கிற பையனுக்குத்தான் 55 கிராம் தேவை; அவனுக்குத்தான் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு இல்லை. பத்தாம் வகுப்போடு நின்று மரம் வெட்டவும், மேஸ்திரி வேலைக்கும், வெளியூர்க் கம்பெனிக்கும் போகிற பிள்ளைக்கும் இல்லை. அந்த ஆளுக்குச் சத்து கொடுக்க வேண்டிய பொறுப்பு வீட்டின் மேலேதான் விழுகிறது.

அதனால் இன்றைக்கு நான் சாயந்தரப் பலகாரத்தைப் பிடித்துக்கொண்டேன். மூன்று வேளைச் சாப்பாட்டை உடனே மாற்றுவது கஷ்டம். ஆனால் பிள்ளை பள்ளியிலிருந்து வந்து, ராத்திரிச் சோறு வேகிற வரைக்கும் இருக்கிற அந்த மூணு மணி நேரத்தை நாம் நல்லபடியாகப் பயன்படுத்தலாம். அந்த ஒரு பலகாரத்திலேயே 12 முதல் 15 கிராம் புரதம் கொடுத்துவிட முடியும். அதற்கு வேண்டிய சாமான் எல்லாம் நம்ம காட்டிலேயே விளைகிறது.

கடைப் பொட்டலமும் கிழங்கும்

சாயந்தரம் பிள்ளை கையில் அஞ்சு ரூபாய், பத்து ரூபாய் கொடுத்துக் கடைக்கு அனுப்புகிற பழக்கம் மலை மேலும் வந்துவிட்டது. கலர்ப் பொட்டலத்தைப் பிரித்தால் பாதி காற்று. மீதிப் பாதியில் மாவு, எண்ணெய், உப்பு. பிஸ்கட் என்றால் மைதா, சர்க்கரை, எண்ணெய். நாக்குக்கு நன்றாக இருக்கும். அரை மணியில் மறுபடி பசிக்கும். என்றைக்காவது திருவிழா, சந்தை என்றால் வாங்கிக் கொடுங்கள், குற்றம் இல்லை. தினசரிப் பலகாரமாக அது வேண்டாம்.

அடுத்து, குச்சிக்கிழங்கு. மரவள்ளி என்று எழுதுகிறோம். வேகவைத்த கிழங்கு வயிற்றை நன்றாக நிரப்பும். ஆனால் 300 கிராம் கிழங்கு தின்றாலும் புரதம் மூன்று கிராம் தேறினாலே அதிகம். கிழங்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிழங்கை மட்டும் கொடுக்காதீர்கள். ஒரு தட்டுக் கிழங்கோடு கொள்ளுத் துவையல் வையுங்கள், அல்லது ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை வையுங்கள். அப்போது அது பலகாரம் ஆகும். கசப்புக் கிழங்காக இருந்தால் தோல் சீவி, துண்டு போட்டு, நிறையத் தண்ணியில் வேகவைத்து அந்தத் தண்ணியைக் கொட்டிவிட வேணும். பச்சையாகப் பிள்ளைகள் கடிக்க விடாதீர்கள்.

தானியமும் பயறும் ஜோடி

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நம்ம பெரியவர்கள் சாமைக் காட்டில் அவரையும் துவரையும் கலந்து விதைத்தார்கள். காட்டில் ஜோடியாக நிற்கிற பயிர் தட்டிலும் ஜோடியாக இருக்க வேணும்.

காரணம் இதுதான். புரதம் என்பது ஒரே பொருள் இல்லை. பல துண்டுகள் சேர்ந்தது. சாமை, தினை, கேழ்வரகு மாதிரி தானியங்களில் லைசின் என்ற ஒரு துண்டு குறைவு. கொள்ளு, மொச்சை, காராமணி மாதிரி பயறுகளில் அது நிறைய உண்டு. பயறில் குறைவாக இருக்கிற மெத்தியோனின் என்ற துண்டு தானியத்தில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பயறு என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பயறு இன்னும் கூடினாலும் நல்லதுதான்.

100 கிராமில் எவ்வளவு புரதம் என்று ஒரு கணக்குச் சொல்கிறேன். பென்சில் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள். கொள்ளு 22 கிராம். வேர்க்கடலை சுமார் 24. மொச்சை, காராமணி 20-க்கு மேல். எள்ளு 18. தினை 12. சாமை 8 முதல் 10. ஒரு கோழி முட்டையில் 6 கிராம்.

இனிப் பலகாரங்களுக்குப் போவோம்.

ஒண்ணு, கொள்ளுச் சுண்டல். ஒரு பிள்ளைக்கு 50 கிராம் கொள்ளு போதும். முதல்நாள் ராத்திரி கல், மண் அரித்து ஊறப்போட வேணும். காலையில் தண்ணியை வடித்து ஈரத்துணியில் கட்டித் தொங்கவிட்டால் மறுநாளைக்கு முளை விடும். முளை கட்டினால் சீக்கிரம் வேகும், செரிக்கவும் லேசு. வேகவைத்து, கடுகு, மிளகாய், பூண்டு தாளித்து, தேங்காய் துருவிப் போட்டு, இறக்கினதும் அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுங்கள். 11 கிராம் புரதம் ஆச்சு. வேகவைத்த தண்ணியைக் கொட்டாதீர்கள். அது ராத்திரி ரசத்துக்கு.

"கொள்ளா? இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பார்களே, வளர்கிற பிள்ளை இளைச்சுப் போயிடுவானே" என்று சில தாய்மார் பயப்படுவார்கள். உடம்பு தேறுவதும் இளைப்பதும் நாள் முழுக்கச் சாப்பிடுகிற மொத்தச் சாப்பாட்டைப் பொறுத்தது. பழமொழிக்குக் குறைவு வைக்க வேண்டாம் என்றால் கொள்ளையும் கொடுங்கள், எள்ளையும் கொடுங்கள். வெயில் காலத்தில் சூடு என்று நினைத்தால் கொள்ளைக் குறைத்துக் காராமணியைக் கூட்டுங்கள். கூட ஒரு டம்ளர் மோர் கொடுங்கள்.

இரண்டு, சாமைப் பயறு அடை. சாமை அரிசி மூன்று பங்கு, கொள்ளு அல்லது காராமணி ஒரு பங்கு. ஆறு மணி நேரம் ஊறவைத்து, காய்ந்த மிளகாய், சீரகம் சேர்த்துக் கொரகொரப்பாக ஆட்டி, முருங்கைக்கீரையும் வெங்காயமும் கலந்து தோசைக்கல்லில் கனமாக ஊற்றி எடுங்கள். இதே மாவைக் குழிக்கல்லில் ஊற்றினால் பணியாரம். 80 கிராம் சாமானில் இரண்டு அடை வரும். 10 கிராம் புரதத்தை ஒட்டிக் கிடைக்கும். ஒரு முட்டையை உடைத்து மேலே ஊற்றினால் 16 ஆகிவிட்டது.

மூன்று, கேழ்வரகுச் சிமிலி. இது நம்ம பக்கத்துப் பழைய பண்டம். கேழ்வரகு மாவு 200 கிராம் எடுத்து, ஒரு சிட்டிகை உப்புப் போட்டுப் பிசைந்து அடையாகத் தட்டிச் சுடவேணும். வேர்க்கடலை 100 கிராமை வறுத்துத் தோல் நீக்க வேணும். வெல்லம் 100 கிராம். மூன்றையும் உரலில் போட்டு இடித்தால் கடலை எண்ணெய் விட்டு நன்றாக உருண்டை பிடிக்க வரும். ஒரு பிடி வறுத்த எள்ளும் சேர்க்கலாம். பத்து உருண்டை பிடித்தால் ஒரு உருண்டையில் 4 கிராம் புரதம். மூன்று உருண்டை தின்ற பிள்ளை ராத்திரி வரைக்கும் சமையல் கட்டுப் பக்கம் வராது. கேழ்வரகில் சுண்ணாம்புச் சத்தும் மிகுதி. 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம். நீளுகிற எலும்புக்கு அது வேணும்.

நாலு, தினை மாவு. தேன் விட்டுத் தினை மாவு தின்பது மலையில் புதுசு இல்லை. அதிலே 50 கிராம் தினை மாவுக்கு 25 கிராம் வறுத்த கடலைத்தூள் சேர்த்துவிடுங்கள். 6-ம் 6-ம் 12 கிராம் ஆச்சு.

ஐந்து, அந்தந்தக் காலத்துப் பண்டம். மார்கழி, தை மாதத்தில் பச்சை மொச்சையும் அவரைக்கொட்டையும் உப்புப் போட்டு அவித்துக் கொடுங்கள். கடலைக்காய் பிடுங்குகிற காலத்தில் பச்சைக் கடலைக்காயை அவித்துக் கொடுங்கள். பலாப்பழக் காலத்தில் சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையைத் தூக்கி எறியாதீர்கள். சுட்டோ அவித்தோ கொடுக்கலாம். காய்ந்த மொச்சையை மட்டும் நன்றாக ஊறவைத்து, அந்தத் தண்ணியை மாற்றி, நசுங்குகிற பதத்துக்கு வேகவைக்க வேணும். அரைவேக்காட்டில் கொடுத்தால் வயிற்றைக் கெடுக்கும்.

விடுதிப் பிள்ளைக்குக் கட்டிக் கொடுக்க

உண்டு உறைவிடப் பள்ளியிலும், அரூர், தருமபுரி விடுதிகளிலும் தங்கிப் படிக்கிற பிள்ளைகள் நிறைய. லீவு முடிந்து போகிறபோது முறுக்குச் சுட்டுக் கட்டிக் கொடுக்கிறோம். அதோடு ஒரு டப்பா சத்துமாவும் கொடுங்கள்.

முன்னே சொன்ன தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார், சத்துக் குறைந்து மெலிந்த குழந்தைகளைத் தேற்றுவதற்கு 'ஐதராபாத் கலவை' என்று ஒன்றைக் கொடுத்தார்கள். வறுத்த கோதுமை 40 கிராம், கடலைப்பருப்பு 16 கிராம், வேர்க்கடலை 10 கிராம், வெல்லம் 20 கிராம். வேறு மருந்து மாயம் ஒன்றும் இல்லை. கடையில் வாங்குகிற விலை உயர்ந்த டப்பாப் பவுடர் இல்லாமலேயே இதில் ஒரு வேளைக்கு 11 கிராம் புரதம் கிடைத்தது.

அதே அளவை நம்ம சாமானுக்கு மாற்றிச் சொல்கிறேன். தினை அல்லது கேழ்வரகு 1 கிலோ, கொள்ளு 400 கிராம், வேர்க்கடலை 250 கிராம், வெல்லம் 500 கிராம். தானியத்தையும் கொள்ளையும் தனித்தனியே வாசம் வர வறுத்து மிஷினில் அரைத்துக்கொள்ளுங்கள். கடலையை வறுத்து வீட்டிலேயே பொடி செய்யுங்கள். வெல்லத்தைக் கலந்து வைத்தால் மாவு ஈரம் கட்டிப் பிடித்துக்கொள்ளும். அதைத் தனியாகப் பொட்டலம் கட்டுங்கள். பிள்ளை சாப்பிடுகிறபோது சுடுதண்ணியோ பாலோ விட்டுக் கலந்துகொள்ளட்டும். தினையில் செய்தால் ஒரு வேளைக்கு 11 கிராமை ஒட்டியும், கேழ்வரகில் செய்தால் 9 கிராமும் புரதம் இருக்கும். இந்த அளவு ஒரு பிள்ளைக்கு 25 நாள் வரும். அதற்கு மேல் வைத்தால் கடலை சிக்கு வாடை அடிக்கும்.

கடலையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பூசணம் பிடித்தது, சுருங்கினது, கறுத்தது, கசக்கிறது எதையும் போடாதீர்கள். அந்தப் பூசணத்தில் ஈரலைக் கெடுக்கிற விஷம் உண்டு. வறுத்தாலும் முழுசாகப் போகாது. பொறுக்கிக் கொட்டிவிடுங்கள். கடலைக்காயை ஈரத்தோடு மூட்டை கட்டாமல், குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்கிற வரைக்கும் காயவைத்தால் இந்தத் தொல்லை வராது.

பெண் பிள்ளையின் தட்டு

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். பெண் பிள்ளை பெரியவள் ஆனதும் உளுந்தங்களி, நல்லெண்ணெய், முட்டை என்று சில நாள் நன்றாகக் கவனிக்கிறோம். சடங்கு முடிந்ததும் அவள் கடைசியில் சாப்பிடுகிறவர்கள் வரிசைக்குப் போய்விடுகிறாள். அப்பனுக்கும் அண்ணன் தம்பிக்கும் போட்ட பிறகு சட்டியில் மிஞ்சினது அவளுக்கு. சுண்டல் அண்ணனுக்கு, சுண்டல் பாத்திரம் கழுவுவது தங்கச்சிக்கு என்று இருக்கக் கூடாது.

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. மாதாமாதம் ரத்தம் போகிற உடம்புக்கு இரும்புச்சத்து வேணும். கொள்ளிலும், கீரையிலும், எள்ளிலும் அது இருக்கிறது. ஆனால் உடம்பில் ஒட்டுவதற்குப் புளிப்புப் பழம் துணை வேணும். எலுமிச்சை பிழியச் சொன்னது அதற்குத்தான். காட்டில் கிடைக்கிற நெல்லிக்காய் இரண்டு கடித்தாலும் சரி. பலகாரம் தின்ற கையோடு டீ குடித்தால் அந்தச் சத்தை டீ தடுத்துவிடும். ஒரு மணி நேரம் கழியட்டும். பள்ளியில் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையையும் பூச்சி மாத்திரையையும் பிள்ளைகள் தவறாமல் விழுங்குகிறார்களா என்று கேளுங்கள்.

எவ்வளவு தின்றாலும் பிள்ளை மெலிந்துகொண்டே போனால், வயிறு வலித்தால், தாகம் அதிகமாகி அடிக்கடி சிறுநீர் போனால், அது வளர்கிற பசி இல்லை. பூச்சியாக இருக்கலாம், சர்க்கரை நோயாகவும் இருக்கலாம். தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ அரூர் அரசு மருத்துவமனைக்கோ கூட்டிப் போங்கள்.

களத்திலேயே அளந்து வையுங்கள்

இவ்வளவு நேரம் தாய்மார்களிடம் பேசினேன். இனி வீட்டுக்காரர்களிடம் பேசப்போகிறேன். பிள்ளைக்குச் சாயந்தரம் என்ன கிடைக்கும் என்பது அடுப்படியில் தீர்மானம் ஆவதில்லை. அது நீங்கள் நிற்கிற களத்தில் தீர்மானம் ஆகிறது. சாமையையும் கொள்ளையும் கடலையையும் களத்திலேயே வியாபாரிக்கு அளந்துவிட்டு, அந்தப் பணத்தில் பிஸ்கட் வாங்கினால் அம்மா எதை ஊறப்போடுவாள்?

நமக்குத் தெற்கே நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையைப் பாருங்கள். அங்கேயும் நம்மைப் போல மலைவாழ் மக்கள்தான். சாமை, தினை, கேழ்வரகு தின்று வளர்ந்தவர்கள்தான். மரவள்ளிக்கு ஜவ்வரிசி ஆலைகளிலிருந்து கைமேல் காசு வந்ததும், சிறுதானியக் காடெல்லாம் மரவள்ளிக் காடாகிவிட்டது. பணப்பயிர் வந்ததில் தப்பில்லை. ஆனால் தட்டிலிருந்து பழைய தானியம் போயிற்று. பிறகு எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் அங்கே போய், பல வருஷம் பாடுபட்டுப் பழைய விதைகளைச் சேகரித்து, மறுபடியும் சாகுபடிக்குக் கொண்டுவர உதவினார்கள். அங்கே தெரிந்த ஒரு பெரிய காரணம் என்ன தெரியுமா? சாமையை உரலில் குத்தி அரிசியாக்குவது பெண்களுக்கு இடுப்பொடிகிற வேலை. சின்ன அரவை மிஷினை ஊருக்குள் கொண்டுவந்த பிறகுதான் சாமைச் சோறு திரும்பியது. சித்தேரியிலும் மகளிர் குழுக்கள் சேர்ந்து இதைச் செய்யலாம். பாப்பாரப்பட்டியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. என்ன உதவி கிடைக்கும் என்று போய் விசாரியுங்கள்.

இப்போ ஒரு கணக்கு. ஒரு பிள்ளைக்கு வருஷத்தில் 300 நாள் சாயந்தரப் பலகாரம் என்று வைத்துக்கொள்வோம். நாளைக்கு 50 கிராம் தானியம், 35 கிராம் பயறு, 25 கிராம் கடலைப்பருப்பு, அதாவது உடைத்த வேர்க்கடலை. வருஷத்துக்குத் தானியம் 15 கிலோ, பயறு பத்தரைக் கிலோ, வேர்க்கடலை ஏழரைக் கிலோ. மொத்தம் 33 கிலோ. ஒரு மூட்டைகூட ஆகவில்லை. அதில் நாளொன்றுக்கு 15 கிராமுக்குக் குறையாமல் புரதம் கிடைக்கும்.

பயறுக்கு நிலம் எவ்வளவு வேணும்? சாமை அறுத்த பிறகு புரட்டாசி, ஐப்பசி மழையில் 10 சென்டில் கொள்ளு விதையுங்கள். ஒரு கிலோவுக்கும் குறைவான விதை போதும். மானாவாரியில் எக்டேருக்கு 500 கிலோ என்று குறைத்தே வைத்தாலும் 10 சென்டில் 20 கிலோ வரும். இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு வருஷத்துப் பயறு அது. கொள்ளு தண்ணி கேட்காது, உரம் கேட்காது. வேர் முடிச்சில் தழைச்சத்தைச் சேர்த்து அடுத்த பயிருக்கும் வைத்துவிட்டுப் போகும். பையூர் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்த பையூர் 1, பையூர் 2 ரகங்கள் இந்த மாவட்டத்து மண்ணுக்கு ஏற்றவை. வரப்போரத்தில் துவரையும் காராமணியும் ஒரு வரிசை ஊன்றினால் அதுவும் லாபம்தான்.

அறுத்ததை நன்றாகக் காயவைத்து, பல்லில் கடித்தால் கடுக்கென்று உடைகிற பதத்தில், சாம்பல் கலந்தோ வேப்பிலை போட்டோ பானையில் வாய் கட்டி வையுங்கள். வீட்டில் நாலு நாட்டுக்கோழி இருந்தால் வாரத்தில் இரண்டு முட்டையாவது பிள்ளைக்கு என்று ஒதுக்குங்கள். எல்லாவற்றையும் சந்தைக்கு அனுப்ப வேண்டாம். நிலம் இல்லாதவர்கள், ரேஷன் கடைத் துவரம்பருப்பைக் கேழ்வரகோடு சேர்த்து அடை செய்யலாம். 2023 மே மாதம் நம்ம தருமபுரி மாவட்டத்திலும் நீலகிரியிலும் அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு கொடுக்கிற ஏற்பாடு ரேஷன் கடையில் தொடங்கப்பட்டது. கிடைக்கிறபோது விடாமல் வாங்குங்கள்.

விதைக்கு என்று தனியாக எடுத்துவைக்காத விவசாயி உண்டா? எவ்வளவு கடன் இருந்தாலும் விதைத் தானியத்தை நாம் விற்பதில்லை. பிள்ளையின் பங்கும் விதை மாதிரித்தான். அடுத்த முறை களத்தில் மரக்காலைக் கையில் எடுக்கும்போது, விதைக்கு அளந்ததும் பிள்ளைக்கு ஒரு பங்கு அளந்து தனியே வையுங்கள். அதற்குப் பிறகு வியாபாரியைக் கூப்பிடுங்கள்.